இரண்டாம் தட்டில் நாலு விரல் இடம்

எழுத்து என்னுடையதுதான், அதில் சந்தேகமில்லை, முப்பத்தோராண்டு ஒரு கல்லூரி நூலகத்தில் கேட்லாக் அட்டை எழுதிய கை, ஆய்த எழுத்தின் மூன்று புள்ளியும் சம தூரத்தில் விழும் கை. ஆனால் எழுதிய நேரம் நினைவில் இல்லை, காரணம் நினைவில் இல்லை, எதைப் பற்றி எழுதினேன் என்பதோ அட்டையிலேயே இல்லை. இரும்பு அலமாரியின் இரண்டாம் தட்டில் இடப்பக்கம் மருந்துப் பெட்டி, வலப்பக்கம் தேய்த்து மடித்த வேட்டிகள், நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம், அந்த வெற்றிடத்தில் நிமிர்ந்து நிற்கிறது இந்த அட்டை. மூன்று வரி, முதல் வரியில் தலைப்பு மட்டும். பொருள்: எதிரே ஒன்றும் இல்லை. எடுத்த தேதி: பதினான்கு. இப்போது இருக்கும் இடம்: பாதுகாப்பான இடம். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பழுது பார்க்க வெளியே எடுத்தால், அது நின்ற இடத்தில் இப்படி ஓர் அட்டையை நிறுத்திவைப்போம், என்ன புத்தகம், என்று போயிற்று, எங்கே போயிற்று என்று. ஓய்வு பெற்ற பிறகு அந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், கத்தரிக்கோல் சாணை பிடிக்கப் போனால்கூட ஆணியில் ஓர் அட்டை தொங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் உதவியாளர் அட்டையில் இடம் என்பதற்கு எதிரே 'மேலே' என்று எழுதிவைத்தார் என்பதற்காக அவரைக் கூப்பிட்டு, மேலே என்றால் ஆகாயமா ஐயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டவன் நான். அவர் இப்போது எங்கே இருந்தாலும் இந்த அட்டையைப் பார்க்காமல் இருக்கட்டும். மணி எட்டரை. பத்தரைக்கு என் மகள் வடிவு திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து இறங்குவாள்.

வந்து இறங்குவாள் என்பது சரியான சொல் இல்லை, பரிசோதிக்க வருகிறாள். போன மாதம் சொல்லாமல் வந்தவள் கண்டதெல்லாம் இதுதான்: அடுப்பில் பால் தீய்ந்து கருகிய பாத்திரம், சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரமாகச் சாவி தேடும் தகப்பன், அந்தத் தகப்பன் அவளை மூன்று தடவை செண்பகம் என்று அவள் அம்மாவின் பெயரால் கூப்பிட்டது. அம்மா போய் நாலு வருஷமாகிறது. வடிவு அழவில்லை, அழுதிருந்தால் நான் தேற்றி அனுப்பியிருப்பேன், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், "அப்பா, இப்பிடி இருந்தா உங்கள இங்க ஒத்தைல விட்டுட்டு நான் அங்க எப்பிடித் தூங்குவேன்? அடுத்த மாசம் வாறேன், பாக்கேன். சரியில்லன்னா எங்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன், சொல்லிட்டேன்." கூட்டிக்கொண்டு போகும் இடம் எனக்குத் தெரியும், பதினோராம் மாடி, ஹாலில் பகலில் சோபாவாகவும் ராத்திரி கட்டிலாகவும் இருக்கும் ஒரு சாமான், அதன் தலைமாட்டில் மருமகன் மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள், பேரனும் பேத்தியும் எல்லாவற்றையும் எங்கேயும் போடும் வீடு. அங்கே என்னை எந்தத் தட்டில் வைப்பார்கள்? இங்கே இருட்டில் கை நீட்டினால் டார்ச் இருக்கும், தலைவலித் தைலம் இருக்கும், கண்ணாடி இருக்கும். என் மூளையில் பாதி இந்தச் சுவர்களில்தான் இருக்கிறது என்று அவளிடம் சொல்ல முடியுமா, சொன்னால் அதையே காரணமாக்கிக் கூட்டிக்கொண்டு போவாள்.

ஆகையால் ஒரு மாதமாக ஒழுங்குபடுத்தினேன். முன்பும் ஒழுங்குதான், ஆனால் இப்போது செய்தது ஒழுங்கு இல்லை, கோட்டை. சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் ஒட்டினேன், அகர வரிசையில் வைத்தேன், உப்பு முன்னால் உளுந்து பின்னால், கடுகு போய்க் கொத்தமல்லி வந்தது. மின்சார அட்டை, தண்ணீர் அட்டை, எல்லாம் தனித்தனி உறையில். செருப்புகள் மூக்கு வெளியே பார்த்து. சனிக்கிழமைதோறும் சரிபார்ப்பு, கையில் பட்டியல், ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு டிக். ஆடிக் காற்று வேறு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து நாகர்கோவில் ஊரையே ஜமக்காளம் மாதிரி உதறுகிறது, ஜன்னலை மூடினாலும் எங்கிருந்தோ மாவுபோலத் தூசு, காலையில் ஒரு துணி மாலையில் ஒரு துணி. அப்படித்தான் இன்று காலை இரண்டாம் தட்டைத் துடைத்தேன், மருந்துப் பெட்டியைத் தூக்கி, அட்டையைத் தூக்கி, வேட்டிகளைத் தூக்கி, ஈரத்துணியால் ஒரே இழுப்பு, அப்புறம்தான் அட்டையைப் படித்தேன். படித்துவிட்டுத் துடைத்திருக்க வேண்டும். தூசு படிந்த தட்டில் ஒரு பொருள் நின்ற அடையாளம் இருந்திருக்கும், நீளச்சதுரமா வட்டமா என்றாவது தெரிந்திருக்கும். எனக்கு எதிராகவோ ஆதரவாகவோ இருந்த ஒரே சாட்சியை நானே துடைத்து வாளியில் பிழிந்துவிட்டேன். சுத்தம் என்பதில் இந்த ஓர் அயோக்கியத்தனம் இருக்கிறது, யாரும் சொல்லுவதில்லை.

சரி, யோசிக்கலாம், யோசிப்பதற்குத்தானே சம்பளம் வாங்கினேன். நாலு விரல் அகலம். நிற்கக்கூடிய பொருள், படுக்கவைக்கும் பொருளானால் வேட்டி மேலே இருந்திருக்கும். மருந்துப் பெட்டிக்கும் வேட்டிக்கும் நடுவில் நான் எதை வைப்பேன்? பகுத்தவன் நான், பகுப்பின் விதி எனக்குத் தெரிய வேண்டும், மருந்து உடம்புக்கு, வேட்டி உடம்புக்கு, ஆக நடுவில் உடம்புக்கானது. வெந்நீர்ப் பை? அது கட்டிலுக்கடியில் மூன்றாம் பெட்டி, டிக். பிரஷர் பார்க்கும் கருவி? மேல்தட்டு, டிக். எல்லாப் பொருளும் டிக், பட்டியலில் உள்ள எல்லாம் வீட்டில் இருக்கின்றன, வீட்டில் உள்ள எல்லாம் பட்டியலில் இருக்கின்றன, ஒரு குறையும் இல்லை, இந்த நாலு விரலைத் தவிர. அப்படியானால் பட்டியலை எழுதியபோதே அது என் தலையிலிருந்து போய்விட்டிருக்கிறது, எதையோ எடுத்துவைத்துவிட்டு, அதை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டிருக்கிறேன். பழைய உரைகாரர்கள் மேற்கோள் காட்டும் நூல்கள் சில, நூல் போய்விட்டது, பெயர் மட்டும் உரையில் நிற்கிறது, அதை நினைத்துப் பெருமூச்சுவிடும் அறிஞர்களைக் கேலி செய்திருக்கிறேன், பெயராவது கிடைத்ததே என்று சந்தோஷப்படுங்களேன் ஐயா என்று. எனக்குப் பெயரும் இல்லை. இடம் மட்டும் மிச்சம். நடுவில் ஒரு நிமிஷம், ஒருவேளை அங்கே எதுவுமே இருந்ததில்லையோ, வெற்றிடத்துக்கே அட்டை எழுதி வைத்தேனோ என்று தோன்றியது, படிக்கட்டில் கால் தவறினமாதிரி இருந்தது. அதை யோசிக்கக் கூடாது. அது படிக்கட்டு இல்லை, கிணறு.

செண்பகம் இருந்தால் ஒரு நொடியில் சொல்லுவாள். அவள் ஒரு சாமானையும் ஓரிடத்தில் வைத்தவள் இல்லை, காலண்டர் தாளில் குத்தூசி, அரிசி டிரம்முக்குள் ரேஷன் கார்டு, குக்கர் மூடிக்கடியில் பஸ் டிக்கெட்டில் எழுதிய போன் நம்பர், கட்டில் காலில் சுற்றிய ரப்பர் வளையங்கள். கேட்டால் தலையைத் தூக்காமல், சேனைக்கிழங்கு சீவிக்கொண்டே, "தையல் பெட்டியா? பிரிட்ஜுக்கு மேல, பழைய பேப்பருக்கு அடில பாருங்க" என்பாள். பார்த்தால் இருக்கும். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லாமல் இருந்ததில்லை. அந்த அநியாயம் எனக்குப் பொறுக்காது, விதியே இல்லாத ஓர் ஒழுங்கு எப்படி வேலை செய்யும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லாத நேரம் அடுக்களையை முழுதும் அடுக்கிவைத்தேன். வந்து பார்த்தாள். "இது வீடா, லைப்ரரியா? சவத்த, ஜீரகத்த எங்க வச்சிய?" என்றாள். 'ஜ' வரிசையில் என்றேன். "நான் சீரகம்னுல்லா சொல்லுவேன். அப்போ எங்க தேட?" என்று சிரித்தாள், "அப்பிடியே என் நெத்திலயும் ஒரு நம்பர ஒட்டிருங்க, செத்தா எந்த ரேக்குல வைக்கணும்னு தெரியுமே" என்றாள். அப்போது அது எனக்குத் தோல்வியாகப் படவில்லை. இப்போது தெரிகிறது, அவள் வைத்த இடமெல்லாம் அவளுக்குள் இருந்தது, நான் வைத்த இடமெல்லாம் வெளியே இருந்தது. அவள் போனதும் அவள் வைத்தவையெல்லாம் ஒரே நாளில் தொலைந்தன. நான் இங்கேயே இருக்கிறேன், என்னுடையவை தொலைகின்றன. அவள் முகம்... நெற்றியில் குங்குமம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அது தெரிகிறது, மூக்குத்தி தெரிகிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய கண்கள் வர மறுக்கின்றன, கூப்பிட்டால் வடிவின் கண்கள் வந்து நிற்கின்றன. காற்று ஜன்னல் கதவை ஒருமுறை அடித்தது. மணி ஒன்பது பத்து.

பாதுகாப்பான இடம். திருடனுக்குத் தெரியாத இடம் என்று பொருளா, தூசு படாத இடம் என்று பொருளா, எனக்கே தெரியாத இடம் என்றால் அதைவிடப் பாதுகாப்பு ஏது. மெத்தையைத் தூக்கினேன். சாமிப் படங்களுக்குப் பின்னால் கைவிட்டேன், சிலந்தி வலை, அதையும் துடைத்தேன், துடைக்காமல் இருக்க முடியவில்லை. பரணில் இருந்த பெட்டியை ஸ்டூல் போட்டு இறக்கினேன், அறுபத்தொன்பது வயதில் ஸ்டூல் ஏறுவது வடிவின் தடைப்பட்டியலில் முதல் வரி. பெட்டிக்குள் புதுத் துண்டுகள், உடைக்காத சோப்பு பதினொன்று, ஒவ்வொரு தடவையும் தீர்ந்துவிட்டது என்று வாங்கியிருக்கிறேன். குனிந்து எழுந்ததில் கண் இருட்டியது. அரிசி டிரம் ஞாபகம் வந்தது, செண்பகத்தின் பத்திரப் பெட்டகம் அதுதானே, எனக்குப் பாதுகாப்பு என்றாலே அவளுடைய இடம்தான் தோன்றியிருக்கும், என்ன சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டு முழங்கைவரை அரிசிக்குள் கையை விட்டேன். விரலில் ஏதோ தட்டியது. இழுத்தேன். அட்டை. என் எழுத்து. பொருள்: எதிரே ஒன்றும் இல்லை. எடுத்த தேதி: பதினாறு. இப்போது இருக்கும் இடம்: இன்னும் பாதுகாப்பான இடம்.

சிரித்துவிட்டேன், தனியாக, அடுக்களையில், கையெல்லாம் அரிசி மாவோடு. 'இன்னும்' என்பதில் என்ன ஒரு நிதானம். பதினாறாம் தேதி இங்கே வந்து, கையை விட்டு, அதை எடுத்து, போதாது என்று யோசித்து, இதைவிட நல்ல இடம் கண்டுபிடித்து, உட்கார்ந்து அட்டை எழுதி, புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்து, அட்டையை அரிசிக்குள் புதைத்த அந்த ஆள் யார்? என் வேட்டியைக் கட்டிக்கொண்டு, என் பேனாவால் எழுதுகிறான், என் விதிகளையெல்லாம் கற்றிருக்கிறான், என்னிடமிருந்து எதையோ காப்பாற்றிக்கொண்டே போகிறான். அவனுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது, வீட்டில் ஒரு திருடன் இருந்தால் போலீசுக்குப் போகலாம், வீட்டில் ஒரு நூலகர் இருந்தால் என்ன செய்வது? சிரிப்பு நின்றது. வடிவிடம் சொல்லிவிட வேண்டும் என்று முதல்முறையாகத் தோன்றியது, ஒரே வாக்கியம், மக்ளே எனக்கு ஞாபகம் நிக்கல்ல, நாலே சொல், அட்டையில் எழுதினால் ஒரு வரிகூட வராது. சொன்னால் பதினோராம் மாடி. சொல்லாவிட்டால் இந்த வீடும் அவனும் நானும். அரிசியைக் கூட்டி அள்ளினேன், தரையைத் துடைத்தேன், ஸ்டூலை அதன் இடத்தில் வைத்தேன், இரண்டாவது அட்டையைக் கிழித்தேன், முதல் அட்டையைக் கிழிக்க மனம் வராமல் மருந்துப் பெட்டிக்கடியில் தள்ளி, வேட்டிகளை இடப்பக்கமாக நகர்த்தினேன். நாலு விரல் இடம் இல்லாமல் போயிற்று. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. மணி பத்து இருபத்தைந்து, வெளியே கார் கதவு அடைக்கும் சத்தம்.

"அப்பா!" என்று வாசலில் நின்றவள் உள்ளே வரவில்லை, அப்படியே பார்த்தாள், செருப்பு வரிசையை, மடித்த செய்தித்தாளை, மேஜைமேல் ஒரு பேனா மட்டும் இருப்பதை. "என்னப்பா இது, ஓட்டல்ல ரூம் எடுத்த மாதிரி வச்சிருக்கிய! எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருந்து அத இப்பிடி ஆக்கித் தருவியளா?" என்றாள். நேந்திரங்காய் வற்றல் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், கலைத்துவிடுவோமோ என்ற பயம். அடுக்களைக்குப் போனாள், டப்பாக்களைப் படித்தாள், அடுப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் சாயா போட்டேன், பால் பொங்கவில்லை, சர்க்கரை 'ச' வில் இருந்தது, அவளை வடிவு என்று கூப்பிட்டேன், நாலு தடவை, கொஞ்சம் அதிகமாகவே. பேரனுக்கு என்ன வகுப்பு என்று நானாகச் சொன்னேன், காலண்டரில் குறித்து வைத்திருந்ததைக் காலையிலேயே பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். அவள் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன், ஒரு மாதமாக ஏற்றிவைத்திருந்த தோள்கள். இரண்டாவது வாய் சாயா குடித்துவிட்டு அவள் சும்மா கேட்டாள், "அப்பா, அம்மா ஆல்பத்த எடுங்களேன். குட்டிக்கு ஸ்கூல்ல ஆச்சி போட்டோ கொண்டாரணுமாம். கன்னியாகுமரில எடுத்த படம் ஒண்ணு உண்டுல்லா, அம்மா காத்துல சேலயப் பிடிச்சுக்கிட்டு நிக்குமே."

ஆல்பம். நாலு விரல் அகலம். மருந்துக்கும் வேட்டிக்கும் நடுவில், உடம்புக்கானது. சொன்ன பிறகும் அது எனக்குள் எங்கேயும் மணி அடிக்கவில்லை, அதன் நிறம் வரவில்லை, அந்தப் படம் வரவில்லை, ஒருநாளும் கேள்விப்படாத புத்தகத்தின் பெயரைக் கேட்டதுபோல் அந்தச் சொல்லைக் கேட்டேன். ஆனால் வாய் நிற்கவில்லை, வாய் முப்பத்தோராண்டு கவுண்டரில் நின்ற வாய், கிடைக்காத புத்தகம் எதுவானாலும் அதற்கு ஒரே பதில் வைத்திருக்கும் வாய். "பைண்டிங்குக்குக் குடுத்திருக்கேன் மக்ளே. முதுகு விட்டுப் போச்சு. வர நாளாகும்." வடிவு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஆல்பத்துக்குப் பைண்டிங்கா! நீங்க மாறவே மாட்டிய." சிரித்து முடித்ததும் அவள் முகம் வேறு மாதிரி ஆயிற்று, பையிலிருந்து போனை எடுத்தாள்.

"ஒண்ணு சொல்லணும்ப்பா. திட்டாதியங்க. போன மாசம் இங்கேருந்து போனதும் பேங்க்ல டிரான்ஸ்பர் கேட்டேன், நாகர்கோவிலுக்கு. வியாழக்கிழம வந்துட்டு. பிள்ளையள இங்க பள்ளிக்கூடத்துல சேத்துட்டு, நானும் இங்க உங்ககூட இருந்திரலாம்னு. அவரு சனி ஞாயிறு வந்துட்டுப் போவாரு. அது வேணுமா வேண்டாமான்னு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும்."

"இங்கயா?" என்றேன்.

"பின்ன? உங்கள இந்த வீட்ட விட்டுப் பிரிச்சா நீங்க இருப்பியளா? அன்னிக்கு ஒரு கோவத்துல சொன்னேன், அவ்வளவுதான்." வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். "ஆனா இதப் பாத்த பிறகு என்னத்துக்குப்பா? என்னவிட நல்லா இருக்கிய. நான் வந்தா இதெல்லாம் ஒரே நாள்ல அலங்கோலமாயிரும், நீங்களே என்ன வெரட்டிருவிய. வேண்டாம்னு கடிதம் எழுதிட்டேன், வரும்போதே கார்ல இருந்து ரெண்டு விதமா எழுதி வச்சேன், இத அனுப்பிருதேன். ஒருக்கப் பாருங்க, நீங்க பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

போன் என் கையில் இருந்தது. அந்த வாக்கியத்தை வைத்திருந்தேன், நாலு சொல், தொண்டைக்குப் பக்கத்திலேயே, தேட வேண்டியதே இல்லை, இந்த வீட்டில் அன்று அந்த ஒன்றுதான் நான் வைத்த இடத்தில் இருந்தது. அவளைப் பார்த்தேன். சோபாவில் காலை மடக்கி, வற்றல் பொட்டலத்தை ஒருவழியாகப் பிரித்து, சின்ன வயதில் தின்றதுபோலத் தின்றுகொண்டிருந்தாள், துணுக்குகள் தரையில் விழுந்தன, அவள் கவனிக்கவில்லை, ஒரு மாதத்துத் தூக்கத்தை இன்று தூங்கப்போகிறவளின் முகம். மக்ளே என்றேன். "என்னப்பா?" என்றாள். கண்ணைக் கடிதத்துக்குக் கொண்டுபோனேன், ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், நல்ல ஆங்கிலம், ஆனால் வரிசை இல்லை, எடுத்த எடுப்பில் நன்றி சொல்லியிருந்தாள், பிறகு மன்னிப்பு, பிறகு பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் கலந்து கிடந்தது, முக்கியமான விஷயம் மூன்றாம் பத்தியின் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருந்தது: தன் தந்தை நல்ல உடல்நலத்துடனும் முழுத் தெளிவுடனும் தனியாக வாழ்ந்து வருகிறார் என்பது.

"காரணம் முதல்ல வரணும் மக்ளே" என்றேன். "கோரிக்கை அதுக்குப் பிறகு. நன்றி கடைசில." அந்த வாக்கியத்தை மூன்றாம் பத்தியிலிருந்து எடுத்து உச்சியில் வைத்துத் தந்தேன். இப்போது யார் படித்தாலும் ஒரு சந்தேகமும் வராது. வடிவு ஒருதரம் படித்துப் பார்த்து, தலையை ஆட்டி, எண்ணெய் படாத விரலால் அழுத்தினாள்.